கடன் தீர்த்த குடும்பம்

கடன் என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவது. பிறரிடம் வாங்கிய பொருளையும் அது குறிக்கும். ஒருவர் செய்தே தீரவேண்டிய கடமையையும் அது குறிக்கும். இவ்விரு பொருளும் வேறல்ல, ஒன்றே எனத் தம் வாழ்க்கையால் காட்டிய குடும்பம் ஒன்று கடல் கடந்த அமெரிக்க நாட்டில் இருந்தது. அக்குடும்பத்தின் தலைவர் தம் எழுத்தால் உலகத்தை நகைக்க வைத்தவர்; மார்க் டுவெய்ன் என்னும் புனைபெயரால் புகழ்பெற்றவர். அவரும் அவர்தம் மனைவி மக்களும் பெருஞ்செல்வத்தில் வாழ்ந்து, கடனில் வீழ்ந்து, செலவைச் சுருக்கி உழைத்து, ஒரு காசும் குறையாமல் கடனைத் தீர்த்த வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

இளமைப் பருவம்

சாமுவேல் லாங்கார்ன் கிளெமன்ஸ் என்பது இவருடைய இயற்பெயர். 1835-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் மிசௌரி மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தார். இவர் சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பத்தார் மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள ஹானிபல் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தனர். தந்தையார் சட்டம் பயின்றவர், நேர்மை தவறாதவர். எனினும் அவர் கை வைத்த தொழில்கள் பல பொய்த்தன, கடன் சூழ்ந்தது.

அத்துன்பத்தினிடையே தந்தையாருக்கு ஒரு கனவு இருந்தது. டென்னசி மாநிலத்தில் பல்லாயிரம் ஏக்கர்க் காட்டு நிலத்தை அவர் மிகக் குறைந்த விலைக்கு வாங்கியிருந்தார். என்றேனும் ஒருநாள் அந்நிலம் தம் மக்களைச் செல்வராக்கும் என்பது அவர் நம்பிக்கை. 1847-ஆம் ஆண்டு அவர் மறைந்தபோது சாமுவேலுக்கு வயது 11. தந்தையார் விட்டுச் சென்ற நிலம் குடும்பத்தைச் செல்வமாக்கவில்லை. ஆனால் நாளை பெருஞ்செல்வம் வரும் என்னும் அக்கனவு மட்டும் மகனுடைய உள்ளத்தில் தங்கிவிட்டது. பின்னாளில் அவர் பட்ட துன்பத்துக்கு வித்து இதுவே எனலாம்.

தந்தையை இழந்த சிறுவர் பள்ளியை விட்டு அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். உணவும் உடையுமே அங்கு அவர் பெற்ற கூலி. அச்செழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துக் கோக்கும் அவ்வேலையில் அவர் தேர்ந்தார். பின்னர் மிசிசிப்பி ஆற்றில் செல்லும் நீராவிக் கப்பலை வழிநடத்தும் கலையைக் கற்று, 1859-ஆம் ஆண்டு அதற்குரிய உரிமம் பெற்றார். ஆற்றில் நூல்விட்டு ஆழம் பார்ப்போர், நீர் இரண்டு பாகம், அஃதாவது 12 அடி ஆழம் உள்ளது என்பதை அறிவிக்கக் கூவும் சொற்களே மார்க் டுவெய்ன் என்பன. கப்பல் தரை தட்டாது செல்லும் என்பது அதன் குறிப்பு. 1861-ஆம் ஆண்டு மூண்ட உள்நாட்டுப் போரால் ஆற்றுப் போக்குவரத்து நின்றது. மேற்கு மாநிலங்களுக்குச் சென்று வெள்ளிச் சுரங்கங்களில் பொருள் தேடினார், கிட்டவில்லை. பின்பு செய்தித்தாள்களில் எழுதத் தொடங்கி, 1863-ஆம் ஆண்டு முதல் அக்கப்பற்குரலையே தம் புனைபெயராகக் கொண்டார்.

இல்லறமும் செல்வமும்

1869-ஆம் ஆண்டில் வெளிவந்த இவருடைய பயண நூல் இவருக்குப் பெரும்புகழ் தந்தது. அடுத்த ஆண்டு எல்மைரா நகரத்துச் செல்வரான நிலக்கரி வணிகர் ஒருவரின் மகளாகிய ஒலிவியாவை மணந்தார். ஒலிவியா மென்மையான உடல்நலம் உடையவர். உறுதியான உள்ளம் உடையவர். கணவர் எழுதியவற்றையெல்லாம் அச்சுக்குச் செல்லுமுன் படித்துத் திருத்தம் கூறுவது அவர் வழக்கம். முதற்குழந்தையாகிய ஆண்மகவு இரண்டு வயது நிரம்புமுன் இறந்தது. சூசி, கிளாரா, ஜீன் என்னும் பெண்மக்கள் மூவரும் பிறந்தனர்.

ஹார்ட்போர்டு நகரில் இவர்கள் கட்டிய மாளிகையில் 1874-ஆம் ஆண்டு குடிபுகுந்தனர். டாம் சாயர், ஹக்கிள்பெரி பின் ஆகிய சிறுவர்களின் கதைகளை உலகுக்கு அளித்த காலம் அது. நூல்களால் வருவாய் பெருகியது. ஆயின் செலவோ அதனினும் பெருகியது. பணியாளர் பலர், குதிரை வண்டி, நாள்தோறும் விருந்தினர் என அம்மாளிகை ஒரு சிற்றரசர் இல்லம் போல விளங்கிற்று. ஆற்றின் ஆழத்தை அளந்தறிந்தவர் தம் வருவாயின் ஆழத்தை அளந்தறியவில்லை.

வீழ்ச்சி

செல்வம் தேய்வதற்கு அம்மாளிகை மட்டும் காரணம் அன்று. பேஜ் என்னும் ஒருவர், அச்செழுத்துகளைத் தானே கோக்கும் பொறி ஒன்றை உருவாக்கிக் கொண்டிருந்தார். இளமையில் அவ்வேலையைக் கையால் செய்து களைத்தவராதலின், மார்க் டுவெய்ன் அப்பொறியைக் கண்டு வியந்தார். அஃது உலகெங்கும் பரவும், தமக்குக் கோடிக்கணக்கில் பொருள் தரும் என நம்பினார். 1880-ஆம் ஆண்டளவில் சிறு தொகையுடன் தொடங்கிய முதலீடு ஆண்டுதோறும் வளர்ந்து, ஒரு காலத்தில் மாதம் 3,000 டாலர் வரை அப்பொறிக்குச் சென்றது. ஏறத்தாழ 18,000 உறுப்புகளைக் கொண்ட அப்பொறி ஒருநாள் ஓடும், மறுநாள் பழுதுபடும். அதனினும் எளிய லைனோடைப் என்னும் பொறி 1886-ஆம் ஆண்டிலேயே வேலைக்கு வந்துவிட்டது. எனினும் நாளை வெற்றி, நாளை வெற்றி என அவர் பொருளைச் சொரிந்துகொண்டே இருந்தார். அவர் ஈட்டியதில் பெரும்பகுதியும், ஒலிவியா தம் தந்தை வழியாகப் பெற்ற செல்வத்தில் பெரும்பகுதியும் அதனுள் மறைந்தன.

இதனொடு 1884-ஆம் ஆண்டு நூல் வெளியிடும் நிறுவனம் ஒன்றையும் அவர் தொடங்கியிருந்தார். அதன் தொடக்கம் சிறப்பாகவே அமைந்தது. அமெரிக்கக் குடியரசின் தலைவராக விளங்கிய யுலிசிஸ் கிராண்ட், கூட்டாளி ஒருவனுடைய வஞ்சகத்தால் தம் பொருள் முழுவதையும் இழந்திருந்தார். தொண்டையில் புற்றுநோய் வருத்த, குடும்பத்தைக் காக்கும்பொருட்டு அவர் தம் வரலாற்றை எழுதினார். முடித்த சில நாள்களில், 1885-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் உயிர் நீத்தார். அந்நூலை வெளியிட்ட மார்க் டுவெய்ன், கிராண்டின் துணைவியாருக்கு முதல் தவணையாகவே 2,00,000 டாலர் அளித்தார். கடனுற்ற முதியவர் ஒருவர் எழுதுகோலால் தம் குடும்பத்தைக் காத்ததை அவர் கண்ணாரக் கண்டார். பத்தாண்டுகளில் அந்நிலை தமக்கே நேரும் என்பதை அன்று அவர் அறிந்திலர்.

பின்னர் வெளியிட்ட நூல்கள் போதிய வருவாய் தரவில்லை. நிறுவனத்தின் பொருளும் பொறிக்கே திருப்பப்பட்டது. 1893-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பெரும் பொருளாதார நெருக்கடி தோன்றி வங்கிகள் பல கதவடைத்தன. 1894-ஆம் ஆண்டு ஏப்பிரல் 18-ஆம் நாள் நிறுவனம் முறிந்தது. ஏறத்தாழ 100 பேருக்குத் தரவேண்டிய கடன் 1,00,000 டாலர் அளவில் நின்றது. அவ்வாண்டின் இறுதியில் பேஜின் பொறியும் பயனற்றதெனக் கைவிடப்பட்டது. தந்தையாரின் டென்னசிக் கனவு மகனிடத்தில் இவ்வாறு முடிந்தது.

செலவைச் சுருக்குதல்

நிறுவனம் முறிவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே வரப்போவதை ஒலிவியா உணர்ந்திருந்தார். மாளிகையை நடத்த இயலாது என்பது தெளிவானதும், 1891-ஆம் ஆண்டு சூன் திங்களில் குடும்பத்தார் அதனைப் பூட்டினர். குதிரைகள் விற்கப்பட்டன. பல ஆண்டு உடனிருந்த பணியாளர் விடைபெற்றனர். அக்காலத்தில் ஐரோப்பாவில் வாழ்க்கைச் செலவு அமெரிக்காவினும் குறைவு. ஆதலின் ஜெர்மனி, இத்தாலி, பிரான்சு ஆகிய நாடுகளில் வாடகை இல்லங்களில் மாறி மாறி வாழ்ந்தனர். செல்வர் மகளாகப் பிறந்து, மாளிகைத் தலைவியாக இருந்த ஒலிவியா, இப்போது வீட்டுச் செலவு ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்த்துக் குறைத்தார். கணவரோ தொழிலைக் காப்பதற்காகப் பன்முறை அட்லாண்டிக் கடலைக் கடந்து சென்று வந்தார். நியூயார்க்கு நகரில் சிறு அறை ஒன்றில் தனித்துத் தங்கினார்.

அந்நிலையில் அவருக்கு ஹென்றி ரோஜர்ஸ் என்னும் பெருஞ்செல்வரின் நட்புக் கிடைத்தது. ரோஜர்ஸ் கணக்கு வழக்குகளில் வல்லவர். அவர் பொருளை அள்ளிக் கொடுக்கவில்லை. அதனினும் சிறந்த உதவியைச் செய்தார். சிக்கலான கணக்குகளைத் தாமே பொறுப்பேற்றுச் சீர்செய்தார். நிறுவனத்துக்கு ஒலிவியாவும் தம் பொருளைக் கடனாகக் கொடுத்திருந்தார். ஆதலின், கணவர் எழுதிய நூல்களின் உரிமை அவர் பெயருக்கு மாற்றப்பட்டது. இதனால் நூல்கள் ஏலத்தில் போகாமல், பின்னர் வருவாய் தரும் நிலையில் காக்கப்பட்டன.

கடன் கொடுத்தோர் பாதித் தொகையைப் பெற்றுக்கொண்டு கணக்கை முடிக்கலாம் என்னும் ஏற்பாடும் வழியில் இருந்தது. டாலர் ஒன்றுக்கு 50 சென்ட் கொடுத்தால் சட்டத்தின் பிடி விலகிவிடும். வணிக உலகில் இது வழக்கமே. அதனைப் பழிப்பாரும் அதிகம் இல்லை. ஆயினும் ஒலிவியா அதற்கு உடன்படவில்லை. முழுக்கடனையும் தீர்த்தாலன்றித் தம் குடும்பத்தின் பெயர் தூய்மை பெறாது என்று அவர் கருதினார். கணவரும் அதனையே விரும்பினார். சட்டம் கேட்ட அளவு ஒன்று; அவர்தம் மனச்சான்று கேட்ட அளவு மற்றொன்று. அவர்கள் மனச்சான்று கேட்டதையே கொடுக்கத் துணிந்தனர்.

உலகைச் சுற்றிய உழைப்பு

எழுத்தால் வரும் பொருள் மட்டும் போதாது என்பது தெளிவு. மேடையில் நகைச்சுவை ததும்பப் பேசுவதில் மார்க் டுவெய்ன் ஈடற்றவர். ஆனால் ஊர் ஊராகச் சென்று பேசும் தொழிலை அவர் வெறுத்தார். கடனைத் தீர்க்க வேறு வழி இன்மையின், உலகைச் சுற்றிச் சொற்பொழிவு நிகழ்த்த இசைந்தார். அப்போது அவர் அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். புறப்படுமுன் இராசபிளவைக் கட்டி வருத்தியதால் பல வாரம் படுக்கையில் கிடந்தார். 1895-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 14-ஆம் நாள் எல்மைராவிலிருந்து பயணம் தொடங்கிற்று. ஒலிவியாவும் இரண்டாம் மகள் கிளாராவும் உடன்சென்றனர். மூத்தவள் சூசியும் இளையவள் ஜீனும் எல்மைராவில் பெரியம்மை வீட்டில் தங்கினர். இரயில் நிலையத்தில் நின்று கையசைத்த சூசியின் உருவம் பெற்றோர் நெஞ்சில் பதிந்தது.

அமெரிக்காவின் வடபகுதி நகரங்களில் கோடை வெப்பத்தில் பேசிக்கொண்டே மேற்குக் கரையை அடைந்தனர். கடனை முழுவதும் தீர்ப்பதே தம் நோக்கம் என்றும், உயிரோடிருந்தால் நான்கு ஆண்டுகளில் அது நிறைவேறும் என்றும் அவர் செய்தித்தாள் வாயிலாக உலகறிய உரைத்தார். சொன்ன சொல்லே தம்மைக் கட்டும் கயிறாகட்டும் என்று கருதினார் போலும்.

ஆகஸ்டுத் திங்கள் 23-ஆம் நாள் பசிபிக் கடலில் கப்பல் ஏறினர். ஹவாய்த் தீவில் வாந்திபேதி பரவியிருந்தமையால் கரையிறங்க இயலவில்லை; அங்கு நிகழவிருந்த சொற்பொழிவு நின்றது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் மக்கள் திரள்திரளாக வந்து கேட்டனர். 1896-ஆம் ஆண்டு சனவரியில் இலங்கையைக் கண்டு பம்பாய்த் துறைமுகத்தை அடைந்தனர். அங்கு இருமல் நோயால் அவர் சில நாள் படுக்கையுற்றார். எழுந்ததும் மேடை ஏறினார். அலகாபாத், காசி, கல்கத்தா, டார்ஜிலிங், ஆக்ரா, செய்ப்பூர், இலாகூர் எனப் பல நகரங்களுக்கும் சென்றார். மார்ச்சுத் திங்களின் இறுதியில் கல்கத்தாவில் கப்பலேறி, வழியில் ஒருநாள் நம் சென்னையிலும் தங்கி, மீண்டும் இலங்கை வழியாக மொரீசியசுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் சென்றார். ஓராண்டில் நூற்றுக்கு மேற்பட்ட சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். ஈட்டிய பொருளைத் தம் விருப்பம் போலச் செலவிடாமல் ரோஜர்சுக்கு அனுப்பினார். அஃது அவர் கையில் கடனுக்கெனச் சேர்ந்தது.

பெருந்துயரம்

1896-ஆம் ஆண்டு சூலைத் திங்களின் இறுதியில் அவர்கள் இங்கிலாந்தை அடைந்தனர். எல்மைராவில் இருந்த மகளிர் இருவரும் அங்கு வந்து சேர்வதாக ஏற்பாடு. குடும்பம் மீண்டும் ஒன்றுகூடும் நாளை அனைவரும் எண்ணிக்கொண்டிருந்தனர். வந்ததோ சூசி நோயுற்றாள் என்னும் செய்தி. ஒலிவியாவும் கிளாராவும் உடனே கப்பலேறினர். அவர்கள் நடுக்கடலில் இருக்கும்போதே, ஆகஸ்டு 18-ஆம் நாள் மூளைச் சவ்வுக் காய்ச்சலால் சூசி இறந்தாள். அவளுக்கு வயது 24. ஐந்து ஆண்டுகளுக்கு முன் பூட்டிய ஹார்ட்போர்டு இல்லத்திலேயே அவள் உயிர் பிரிந்தது. இங்கிலாந்தில் தனித்திருந்த தந்தைக்குத் தந்தி வந்தது. நியூயார்க்குத் துறைமுகத்தை அடைந்தபோதே தாய் அறிந்தார்.

கடன் பொருளை மட்டும் கொள்வதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? பெற்றோர் பொருள் ஈட்ட உலகைச் சுற்றியபோது மகள் தனித்திருந்தாள். இறுதி நாளில் அவள் முகம் காணும் பேறு அவர்களுக்கு வாய்க்கவில்லை. அத்துயரம் அவர்கள் வாழ்நாள் முழுவதும் ஆறவில்லை.

துன்பத்தில் துவண்ட அவர்கள் இலண்டன் மாநகரில் எளிய முறையில் ஒதுங்கி வாழ்ந்தனர். விழா இல்லை, விருந்து இல்லை. அந்நிலையிலும் மார்க் டுவெய்ன் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. தம் உலகப் பயணத்தை நூலாக எழுதினார். உள்ளம் அழுதுகொண்டிருக்க, பிறர் நகைக்கும்படி எழுதிய நூல் அது. 1897-ஆம் ஆண்டில் வெளிவந்து நன்கு விற்பனையாயிற்று.

அவ்வாண்டு நியூயார்க்குச் செய்தித்தாள் ஒன்று அவர் கடனைத் தீர்க்கப் பொதுமக்களிடம் நிதி திரட்டத் தொடங்கிற்று. செல்வர் சிலர் ஆயிரம் டாலர் அளிக்கவும் முன்வந்தனர். களைத்திருந்த மார்க் டுவெய்ன் முதலில் அதற்கு இசைந்தார். ஒலிவியாவோ இரவலால் கடன் தீர்ப்பதை ஏற்கவில்லை. மனைவியின் சொல்லில் உள்ள அறத்தை உணர்ந்த கணவர், நிதியை நிறுத்திப் பெற்ற பொருளைத் திருப்பித் தருமாறு எழுதினார்.

கடன் தீர்ந்தது

1898-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கடைசிக் கடனும் முழுமையாகத் தீர்ந்தது. நான்கு ஆண்டுகள் ஆகும் என்று சொன்னவர், மூன்று ஆண்டு நிறையுமுன் முடித்துவிட்டார். அப்போது வியன்னா நகரில் இருந்த ஒலிவியா, கடன் தீர்ந்த கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்த்து மகிழ்ந்தார். சூசி இறந்தபின் அவர் முகத்தில் மலர்ச்சி தோன்றிய நாள்கள் மிகச் சில; அவற்றுள் இஃது ஒன்று. 1900-ஆம் ஆண்டு அக்டோபரில் அவர்கள் தாய்நாடு திரும்பியபோது நாடே எழுந்து வரவேற்றது. நகைச்சுவை எழுத்தாளர் என்று மட்டும் அறிந்திருந்த மக்கள், சொல் தவறாத சான்றோர் என அவரைப் போற்றினர்.

மார்க் டுவெய்னிடம் குறையே இல்லை என்பதற்கில்லை. கடன் தீர்ந்த அதே ஆண்டில், நெசவுத் தொழிலுக்கான மற்றொரு பொறியைக் கண்டு அவர் மீண்டும் பெருங்கனவு காணத் தொடங்கினார். ரோஜர்ஸ் நன்கு உசாவித் தடுத்தமையால் அன்று தப்பினார். பின்னரும் பாற்பொடி நிறுவனம் ஒன்றில் பொருளிட்டு இழந்தார். பழக்கம் எத்துணை வலியது என்பதை இது காட்டும். நல்ல மனைவியும் நல்ல நண்பரும் அணையாக நின்றமையால்தான் அவருடைய வாழ்க்கை வெள்ளத்தில் முற்றும் அடித்துச் செல்லப்படவில்லை.

சூசி இறந்த ஹார்ட்போர்டு இல்லத்தில் மீண்டும் வாழ அவர்களுக்கு மனம் துணியவில்லை. 1903-ஆம் ஆண்டு அது விற்கப்பட்டது. மறு ஆண்டு ஒலிவியா மறைந்தார். மார்க் டுவெய்ன் 1910-ஆம் ஆண்டு ஏப்பிரல் 21-ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

மாணவர்களே! நாளை வரும் செல்வத்தை நம்பி இன்று செலவிடுவோர் கடனில் வீழ்வர் என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. வீட்டில் ஒருவருடைய ஆசையால் கடன் வரலாம்; ஆனால் வீட்டில் உள்ளோர் அனைவரும் ஒருங்கே செலவைச் சுருக்கி உழைத்தாலன்றி அது தீராது. வருவாயின் ஆழத்தை அளந்து வாழ்க்கைக் கப்பலைச் செலுத்துதல் அறிவுடைமை. அளவு தவறித் தரை தட்டிவிட்டாலோ, பிறர் தலையில் சுமையை ஏற்றாமல் தாமே இறங்கித் தள்ளுதல் ஆண்மை. மார்க் டுவெய்ன் முன்னதில் தவறினார், பின்னதில் வென்றார். அவரும் அவர் குடும்பத்தாரும் கொண்ட கடனைத் தம் கடனாகவே கருதினர். அதனாலன்றோ அவர்தம் நூல்களோடு அவர்தம் வாழ்வும் இன்றளவும் படிக்கப்படுகின்றது!